கேரவன் ஹீற்றர் சுடவில்லையா? கரண்ட் பக்கமா, கேஸ் பக்கமா என்று முதலில் பிரியுங்கள்

பொத்துவிலில் கடற்கரைக்குக் கிட்ட, தென்னைகளுக்கு நடுவில் ஒரு அமெரிக்கக் கேரவன், அதாவது வாகனத்தில் கட்டி இழுக்கிற சக்கர வீடு, நிற்கிறது. வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்த ஒரு அக்கா அதை வைத்து அலைச்சறுக்கு விளையாட வருகிற ஆக்களுக்கு வாடகைக்கு விடுகிறா. அதன் தண்ணி, கரண்ட், கேஸ் மூன்றையும் நான்தான் பார்க்கிறேன். அறுகம் குடாவில் சீசன் சித்திரையில் தொடங்கி ஐப்பசி வரை ஓடும். அந்தக் காலத்தில் பகலில் குழாயைத் திறந்தாலே தண்ணி சூடாகத்தான் வரும், ஹீற்றரை யாரும் தேடுவதில்லை. மாரி தொடங்கி வாடைக்காற்றோடு மழை அடிக்கும்போதுதான் போன் வரும்: "தம்பி, ஹீற்றர் வேலை செய்யுதில்லை."

அப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எதில அக்கா, கரண்டிலயா கேஸிலயா?"

தண்ணி சுடவைக்கிற இந்த ஹீற்றர் என்பது ஒரே தாங்கி, இரண்டு அடுப்பு. தாங்கி 6 அமெரிக்க கலன், நம் கணக்கில் 22.7 லீற்றர். அதற்குள் 1440 வாட் எலிமெண்ட் ஒன்று தண்ணிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும், தாங்கியின் அடியில் ஒரு குழாய்க்குள் மணித்தியாலத்துக்கு 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு தருகிற கேஸ் பேர்னர் எரியும். இரண்டும் ஒரே தண்ணியைத்தான் சூடாக்குகின்றன. ஆகவே கரண்டில் சுடவில்லை என்றால் ஸ்பானரை எடுக்காதீர்கள், கரண்டை நிற்பாட்டிவிட்டு கேஸில் போட்டுப் பாருங்கள். கேஸில் சுட்டால் தாங்கி, குழாய், வால்வு எல்லாம் சுகமாக இருக்கிறது, பழுது கரண்ட் பக்கம்தான். கேஸில் சுடாமல் கரண்டில் சுட்டால் அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டிலும் போட்டுப் பார்த்தும் குழாயில் சூடு வரவில்லை என்றால் தண்ணி போகிற வழியில் பிழை. இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சம் பிடித்துத் தரும்.

சோதனைக்கு முன் ஒரு கட்டாயம். சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, காற்றுத் துப்பாமல் ஒரே சீராகத் தண்ணி வருகிறதா என்று பாருங்கள். தாங்கி வெறுமையாக இருக்கும்போது எலிமெண்டுக்குக் கரண்ட் கொடுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, எரிந்துவிடும். கேஸையும் வெறும் தாங்கியில் பத்த வைக்கக் கூடாது.

இன்னொன்று, எவ்வளவு நேரம் எடுப்பது சரியான அளவு என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுதில்லாததைப் பழுது என்று கழற்றுவோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தண்ணி 28 பாகை அளவில் வருகிறது என்று வைத்தால், தேர்மோஸ்டாட் (சூடு போதும் என்றதும் தானாக நிற்பாட்டுகிற சுவிச்) வெட்டுகிற 54 பாகைக்கு 22.7 லீற்றரையும் ஏற்ற முக்கால் யூனிற்றுக்குக் கொஞ்சம் குறைவான கரண்ட் போதும், நேரம் அரை மணித்தியாலம். கேஸில் பதினைந்து பதினாறு நிமிடம், எரிவது 70 கிராம் அளவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நாலைந்து பேர் வரிசையில் குளிக்க நிற்கும்போது மட்டும் இரண்டையும் போடச் சொல்லியிருக்கிறேன், மற்ற நேரம் கரண்ட்.

2021 கடைசியில் கேஸ் அடுப்பு வெடித்த செய்திகள் நாடு முழுக்க வந்ததில் இருந்து அக்காவுக்குக் கேஸ் என்றால் பயம், அதைக் கழற்றி எறியச் சொன்னா. 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை நான் ஞாபகப்படுத்தினேன். கரண்ட் இல்லாத நாளில் கேஸ், கேஸ் கிடைக்காத நாளில் கரண்ட். இரண்டு அடுப்பும் உயிரோடு இருக்க வேண்டும்.

கரண்டில் மட்டும் சுடவில்லை

முதல் கேள்வி, எந்தக் கரண்டைக் கொடுத்தீர்கள்? அமெரிக்கக் கேரவன் 120 வோல்ற்றுக்குச் செய்தது. நம் பிளக்கில் வருவது 230. எலிமெண்ட் வெறும் கம்பிச்சுருள், வோல்ற் இரண்டு மடங்கானால் அது இழுக்கிற வாட் நாலு மடங்காகும். 120க்குச் செய்த 1440 வாட் எலிமெண்டை 230இல் செருகினால் 5300 வாட்டுக்குக் கிட்ட இழுக்கும். நான் வேலையை எடுக்கும் முன் யாரோ ஒருவர் 230ஐ 120 ஆகக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் இல்லாமல் பழைய 15 அம்பியர் வட்டப்பின் பிளக்கில் நேரே கொடுத்திருக்கிறார். அன்றைக்குத் தண்ணி கொதிக்கக் கொதிக்க வந்ததாம், அடுத்த நாள் ஒன்றும் இல்லை. எலிமெண்டைக் கழற்றியபோது உறை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருந்த வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது.

சோதிப்பது இலகு. கேரவனின் பிளக்கை முழுதாகக் கழற்றுங்கள், பிரேக்கரை இறக்கினால் மட்டும் போதாது. எலிமெண்டில் இருந்து ஒரு வயரைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரை ஓமில், அதாவது மின்தடை அளக்கிற இடத்தில் வைத்து இரண்டு முனையிலும் பிடியுங்கள். 120 வோல்ற் 1440 வாட் எலிமெண்டாக இருந்தால் 10 ஓம் அளவு காட்ட வேண்டும். யாராவது 230 வோல்ற் எலிமெண்ட் மாற்றியிருந்தால் 37 ஓம் அளவு. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எரிந்துவிட்டது. 37 காட்டுகிறது, ஆனால் வருவது 120 வோல்ற் என்றால் எலிமெண்ட் நல்லது, 400 வாட்கூட இழுக்காது, அரை மணித்தியால வேலைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். இதையும் ஒரு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டில் 50 ஹேர்ட்ஸ், அங்கே 60, அதனால் எலிமெண்ட் கெடுமா என்று கேட்பார்கள். கெடாது, அதற்கு வோல்ற் ஒன்றுதான் கணக்கு.

எலிமெண்ட் சரி என்றால் அடுத்து சுவிச். கரண்ட் பக்கத்துக்குப் பல கேரவன்களில் இரண்டு இடத்தில் சுவிச் இருக்கும். உள்ளே பிரேக்கர், வெளியே ஹீற்றர் மூடியைத் திறந்தால் கீழ் மூலையில் விரல்நுனி அளவில் ஒரு கறுப்புச் சுவிச். பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. தண்ணி இல்லாமல் எலிமெண்ட் எரிந்துவிடக் கூடாது என்பதற்காக யாராவது அதை நிற்பாட்டியிருப்பார்கள், பிறகு மறந்திருப்பார்கள். கடற்காற்றில் அதன் முனைகள் பச்சை பிடித்துப் போவதும் உண்டு. அப்புறம், அதே மூடிக்குள் ரப்பர் உறைக்கு அடியில் ரீசெட் பொத்தான்கள் இருக்கும். தேர்மோஸ்டாட் வெட்டாமல் தண்ணி 82 பாகை அளவுக்கு ஏறினால் அந்தப் பாதுகாப்பு வெட்டிவிடும். தண்ணி ஆறிய பிறகு அழுத்தினால் டிக் என்று சத்தம் கேட்கும். ஒருமுறை அழுத்திச் சரிவந்தால் சந்தோஷம், திரும்பத் திரும்ப வெட்டினால் தேர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். அந்தப் பாதுகாப்பை வயரால் இணைத்துத் தாண்டிப் போகச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மூடிய தாங்கிக்குள் கொதிக்கிற தண்ணி வெடிகுண்டுக்குச் சமம்.

சுடுகிறது, ஆனால் ஒரு மணித்தியாலம் ஆகிறது

பெரும்பாலும் வோல்ற் குறைவு. லைன் கடைசியில் இருக்கிற வளவுகளில் இரவு ஏழு எட்டு மணிக்கு 230 வோல்ற் 180க்கு இறங்கும். ட்ரான்ஸ்போமர் அதே விகிதத்தில் 94 வோல்ற்றைத்தான் கொடுக்கும், 1440 வாட் எலிமெண்ட் 880 வாட் ஆகிவிடும், அரை மணித்தியால வேலை முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டும். மீற்றரை வைத்து இரவில் அளந்து பாருங்கள், பகலில் அளந்து பயனில்லை. அந்த நேரத்துக்குக் கேஸில் போடுவதுதான் சரி.

வயரும் ஒரு காரணம். ட்ரான்ஸ்போமரை வீட்டுக்குள் வைத்து, அங்கிருந்து 30 மீற்றர் வயரை 120 வோல்ற்றில் கேரவனுக்கு இழுத்திருந்தார்கள். 120இல் இந்த ஹீற்றர் 12 அம்பியர் இழுக்கும், 230இல் ஆறரைக்கும் குறைவு. ஒரு சதுர மில்லிமீற்றர் வயரில் 12 அம்பியர் 30 மீற்றர் போனால் 13 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும், வயரும் சுடும். நான் செய்தது, ட்ரான்ஸ்போமரைக் கேரவனுக்குப் பக்கத்தில் மழை படாத கூரைக்குக் கீழ் வைத்து, நீள ஓட்டத்தை 230இல் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் கொண்டு போனது. ட்ரான்ஸ்போமர் 1500 வீஏ (அது தாங்குகிற சுமையின் அளவு, வாட் மாதிரி) போதும் என்று கடையில் சொல்வார்கள். 1440 வாட் மணிக்கணக்காக ஓடும்போது அது கையை வைக்க முடியாத சூடாகும், கூட ஒரு விளக்குப் போட்டாலே கணக்கு முடிந்துவிடும். 3000 வீஏ எடுங்கள். செருகுவது 13 அம்பியர் சதுரப்பின் பிளக்கில். 5 அம்பியர் வட்டப்பின் பிளக்கில் ஒருநாளும் வேண்டாம், உருகும்.

ட்ரிப் சுவிச் விழுகிறது, அல்லது கேரவனைத் தொட்டால் சுரீர் என்கிறது

இரண்டாவது நடந்தால் மற்றதெல்லாம் பிறகு. பிளக்கைக் கழற்றுங்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கேரவனின் அலுமினியக் கதவைப் பிடிப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. எலிமெண்டின் உறை வெடித்துக் கரண்ட் தண்ணிக்குள்ளும் தாங்கியிலும் ஒழுகுகிறது, எர்த் வயரும் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மீற்றரின் ஒரு முனையை எலிமெண்ட் முனையிலும் மற்றதைத் தாங்கியிலும் வைத்தால் ஓமே காட்டக் கூடாது. காட்டினால் எலிமெண்டை மாற்றுங்கள். பிறகு எர்த்தைப் பாருங்கள், பிளக்கின் எர்த் பின்னில் இருந்து கேரவன் சட்டகம் வரை தொடர்பு இருக்க வேண்டும்.

ட்ரான்ஸ்போமரில் இரண்டு சுருளும் தனித்தனியாக இருக்கிற வகை உண்டு. அந்த வகை என்றால் வீட்டு ட்ரிப் சுவிச் கேரவனுக்குள் நடக்கிற ஒழுக்கைக் காணாது. 120 வோல்ற் பக்கத்தில் தனியாக ஒரு ட்ரிப் சுவிச் போடாமல் ஆக்களை உள்ளே விடாதீர்கள்.

கேஸில் டிக் டிக் என்கிறது, பத்தவில்லை

சிவப்பு விளக்கு எரிகிறதா? பொறி சில தடவை அடித்துப் பார்த்துவிட்டுப் பத்தவில்லை என்றால் ஹீற்றரைக் கட்டுப்படுத்துகிற சர்க்கிட் போர்ட் தானாகப் பூட்டிக்கொண்டு சிவப்பைக் காட்டும். சுவிச்சை நிற்பாட்டித் திரும்பப் போட்டால் மறுபடி முயலும். சிலிண்டரை மாற்றிய பிறகு குழாய்க்குள் காற்று இருக்கும், முதலில் சமையல் அடுப்பைப் பத்தவைத்து அது சீராக எரிந்த பிறகு ஹீற்றரைப் போடுங்கள். கேஸ் மணம் வந்தால் முயற்சியை விட்டுவிட்டு சிலிண்டரை மூடிக் கதவு, யன்னலைத் திறக்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தேங்கி நிற்கும், சுவிச் எதையும் தொடாதீர்கள்.

டிக் சத்தமே இல்லை என்றால் பற்றரியைப் பாருங்கள். கேஸில் போட்டால் கரண்ட் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறையப்பேர். மெயின் கரண்ட் வேண்டாம்தான், ஆனால் பொறியடிக்கிற போர்ட்டும் கேஸைத் திறக்கிற வால்வும் 12 வோல்ற் பற்றரியில்தான் ஓடுகின்றன. பத்தரை வோல்ற்றுக்குக் கீழே போனால் நம்ப முடியாது.

பொறி நன்றாக அடிக்கிறது, பத்தவில்லை, அல்லது பூனைக்குட்டி நாக்கு அளவில் பத்தி அணைகிறது என்றால் கேஸ் அழுத்தம். இதில்தான் எனக்கு இரண்டு நாள் போனது. நம் வீட்டுச் சிலிண்டரின் தலையில் அழுத்திப் பூட்டுகிற ரெகுலேட்டர் ஏற்கனவே அழுத்தத்தைக் குறைத்து அடுப்புக்கு ஏற்றபடி தருகிறது. கேரவனின் மூக்கில் அமெரிக்க ரெகுலேட்டர் இன்னொன்று இருந்தது. முதலில் பொருத்தியவர் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துவிட்டார். குறைத்ததை இன்னொருமுறை குறைத்தால் பேர்னருக்கு என்ன மிஞ்சும்? அடுப்பில் ஒரு வாய் எரிந்ததால் கேஸ் வருகிறது என்று நானும் நம்பிவிட்டேன். கடைசியில் இரண்டு மீற்றர் வெளித்தெரியும் ரியூப்பை வாங்கி, பலகையில் யூ வடிவில் கட்டி, பாதி தண்ணி நிரப்பி, ஒரு முனையைக் கேஸ் குழாயில் செருகி வால்வைத் திறந்து பார்த்தேன். இரண்டு பக்கத் தண்ணிக்கும் 11 இஞ்சி, அதாவது 28 சென்ரிமீற்றர் உயர வித்தியாசம் இருக்க வேண்டும். இருந்தது ஒரு சாணுக்கும் குறைவு. அமெரிக்க ரெகுலேட்டரைக் கழற்றி நேரே இணைத்ததும் தண்ணி ரியூப்பில் ஏறி அடையாளம் வைத்த இடத்துக்குக் கிட்ட நின்றது. அடுப்பு ஒன்றை எரியவிட்டு அளந்தேன், அப்போதும் நின்றது. மூட்டு எல்லாவற்றுக்கும் சவர்க்கார நுரை பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஹீற்றரைப் போட்டேன்.

பத்துகிறது, ஆனால் மஞ்சளாக எரிகிறது, அணைகிறது, கரி படிகிறது

பேர்னர் குழாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் குளவிதான் முதல் சந்தேகம். ஒரு மாதம் கேஸைப் போடாமல் விட்டால் போதும், மண்குளவி அந்தக் குழாய்க்குள் போய்க் கூடு கட்டிவிடும். நான் கம்பியால் இழுத்தெடுத்த கூட்டில் மண் அறைகள் மூன்று, ஒவ்வொன்றிலும் மயங்கிக் கிடக்கிற சின்னச் சிலந்திகள் நெருக்கி அடைத்தபடி. காற்று போகிற வழி அதுதான், அடைபட்டால் சுவாலை மஞ்சளாகி ஆடும், வெளியே மூடியில் கரிக்கோடு விழும். குழாயைத் துலக்கி, வெளி மூடியில் நுளம்பு வலை அல்லாத, இதற்கென்று விற்கிற கம்பி வலையைப் போடுங்கள். நுளம்பு வலை மூச்சை அடைத்துவிடும்.

குளவி இல்லை, இன்னும் மஞ்சள் என்றால் கேஸின் குணம். அமெரிக்க பேர்னரின் துளை புரோபேனுக்கு அளந்தது. நம் சமையல் சிலிண்டரில் புரோபேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேனுக்குக் கூடுதல் காற்று தேவை. பேர்னரில் உள்ள காற்று வாயின் மூடியைத் திருகு தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள், சுவாலை நீலமாகி ஒரே சீராக இரைகிற இடத்தில் இறுக்குங்கள். அளவுக்கு மேல் திறந்தால் சுவாலை பேர்னரை விட்டுத் தாவும்.

கச்சான் காற்று அடிக்கிற நாளில் மட்டும் அணைகிறது என்றால் ஹீற்றரில் பிழையே இல்லை. ஹீற்றர் வாய் மேற்கைப் பார்த்து நிற்கிறது, அவ்வளவுதான். கேரவனைத் திருப்பி நிறுத்த முடியாவிட்டால் அந்த நாட்களில் கரண்டுக்கு மாறுங்கள். பலகை வைத்து மறைக்க வேண்டாம். மழைக்குத் தறப்பாள் கட்டுகிறபோதும் இதே கவனம். கேரவனின் பக்கச்சுவரை மூடித் தறப்பாளை இறக்கிக் கட்டிவிட்டுக் கேஸில் ஹீற்றரைப் போட்டால், புகைவாயால் வருகிற காபனோரொட்சைட்டு யன்னலால் உள்ளே போய்விடும். அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, படுத்தவர் எழும்ப மாட்டார். தறப்பாள் கட்டிய நாளில் கரண்ட் மட்டும். கரண்ட் இல்லையா, அன்றைக்குப் பச்சைத்தண்ணி.

தாங்கி சுடுகிறது, குழாயில் வெதுவெதுப்பு

இரண்டு அடுப்பிலும் இதே கதை என்றால் பச்சைத்தண்ணி எங்கோ சுடுதண்ணியோடு கலக்கிறது. முதலில் வெளியே கால் கழுவுகிற ஷவரைப் பாருங்கள். கடலில் இருந்து வருகிறவர்கள் மணலைக் கழுவிவிட்டு நுனியில் உள்ள பொத்தானை மட்டும் மூடுவார்கள், சுடு குழாயும் பச்சைக் குழாயும் திறந்தே கிடக்கும். அந்த இரண்டும் உள்ளே கலந்துகொண்டே இருக்கும். அது இல்லை என்றால் ஹீற்றருக்குப் பின்னால் உள்ள பைபாஸ் வால்வு. குளிர்நாட்டில் தாங்கியை விட்டுத் தண்ணியைத் தாண்டிப் போகவிட வைத்தது, நமக்குத் தேவையே இல்லை. அதை மூடி, தாங்கிக்குப் போகிற வழிகளைத் திறந்து விடுங்கள்.

வெளியே ஹீற்றரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது

சுடும்போது மட்டும் சொட்டினால் பயப்படாதீர்கள். தண்ணி சூடாகும்போது விரியும், தாங்கியின் தலையில் இருக்கிற காற்றுப் பை அதைத் தாங்கும். அந்தக் காற்று நாளடைவில் தண்ணியில் கரைந்து தீர்ந்தால் வால்வு சொட்டும். அடுப்பு இரண்டையும் நிற்பாட்டி, தண்ணி நன்றாக ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, சுடுதண்ணிக் குழாய் ஒன்றைத் திறந்து, வால்வின் நெம்பை மேலே தூக்குங்கள். வடிவது தானாக நின்றதும் நெம்பை விடுங்கள். காற்றுப் பை திரும்ப வந்துவிடும். அதற்குப் பிறகும் ஆறிய தண்ணியிலேயே சொட்டினால் வால்வை மாற்றுங்கள், அடைப்பு மூடி போட்டு நிற்பாட்டுவது மட்டும் கூடாது.

சுடுதண்ணி கூழ்முட்டை மணக்கிறது

பச்சைத்தண்ணியில் மணம் இல்லாமல் சுடுதண்ணியில் மட்டும் என்றால் தாங்கிக்குள்தான். சபர்பன், அட்வுட் என்று இரண்டு அமெரிக்கக் கம்பனி ஹீற்றர்கள் உண்டு. சபர்பன் ஹீற்றரின் தாங்கி இரும்பு, அது துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத் தின்னக் கொடுக்கிற ஒரு கோல் உள்ளே இருக்கும். அட்வுட்டின் தாங்கி அலுமினியம், அதற்குக் கோல் இல்லை, அதில் கொண்டுபோய்ச் செருகவும் கூடாது. மக்னீசியக் கோலும், கிணற்றுத் தண்ணியில் உள்ள சல்பேற்றை உண்டு வாழும் கிருமியும் சேர்ந்தால்தான் அந்த மணம். கடற்கரைக் கிணறுகளின் உவர்த்தண்ணி கோலை வேகமாகத் தின்னும். பொத்துவில் கேரவனில் ஏழு மாதத்தில் கழற்றிப் பார்த்தேன், பெருவிரல் பருமன் இருந்த கோலில் நடுக்கம்பி மட்டும் மிஞ்சி, நுனியில் கிளிஞ்சல் போல இரண்டு துண்டு தொங்கியது. முக்கால்வாசி தேய்ந்ததும் மாற்ற வேண்டும், இங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாற்றுவதற்கு அடுப்பு இரண்டையும் நிற்பாட்டி, ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, வால்வு நெம்பைத் தூக்கி அழுத்தத்தை விட்டுவிட்டு, பிறகுதான் கோலைக் கழற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது கழற்றினால் முகத்தில் பாயும். தண்ணியோடு வெள்ளைச் செதிலும் மணலும் வரும், தெளிவாக வரும்வரை கழுவுங்கள். மணம் இருந்தால் பழைய கோலையே தற்காலிகமாகப் பூட்டி, வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடுகிற அதே குளோரின் வேலையை இங்கேயும் செய்யலாம். 60 லீற்றர் தண்ணிக்கு 60 மில்லி சாதாரண ப்ளீச், குழாய் எல்லாவற்றிலும் மணம் வரும்வரை ஓடவிட்டு, சில மணித்தியாலம் வைத்து, நன்றாகக் கழுவி விடுங்கள். பிறகு அலுமினியமும் நாகமும் (சிங்க்) கலந்த புதுக் கோலின் திருகுப் புரியில் இரண்டு சுற்று டேப் போட்டு இறுக்குங்கள். பம்பைப் போட்டு, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைத்து, காற்றுத் துப்புவது நின்று தண்ணி ஒரே கோடாக விழுந்த பிறகு வெளியே போய் அந்தச் சின்னக் கறுப்புச் சுவிச்சைப் போடுங்கள்.